மூன்றடி மண் போதுமா? செபராங் பிறையின் கடலோரத் தாழ்நிலத்தைக் கட்டடத்துக்குத் தயாரித்தல்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், நிபோங் திபாலுக்கு அருகில், கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, முன்பு தோட்டமாக இருந்த ஒரு ஏக்கர் நிலத்தை உங்கள் சங்கம் வாங்கியிருக்கிறது. அதில் சமூக மண்டபமும் பாலர் பள்ளியும் கட்ட எண்ணுகிறீர்கள். மழைக்காலத்தில் அங்கே முழங்கால் அளவுக்கு நீர் நிற்கிறது. மூன்றடி செம்மண் அடித்துச் சமப்படுத்திவிட்டால் பைலிங் வேலையை, அதாவது கட்டடத்தைத் தாங்கும் தூண்களை ஆழமாக இறக்கும் வேலையை, தொடங்கிவிடலாம் என்று கட்டுமானக் குத்தகையாளர் சொல்கிறார். அவர் சொல்வது சரியா, அதற்கு மேல் என்ன செய்ய வேண்டும் என்பது உங்கள் கேள்வி.

மூன்றடி என்ற அளவை அவர் எந்தக் கணக்கின்படி சொன்னார் என்று முதலில் கேளுங்கள். பக்கத்துச் சாலையின் உயரத்தைக் கண்ணால் பார்த்துச் சொன்னதாக இருந்தால், அந்த எண்ணை ஒதுக்கிவிடுங்கள். மேட்டுப் பகுதியில் நிலத்தை உயர்த்தினால், நீர் தாழ்வான இடத்தை நோக்கித் தானாக ஓடிவிடும். உங்கள் நிலத்திலோ, நீர் ஓடிப்போவதற்குக் கீழே இடமே இல்லாத நேரம் தினமும் வருகிறது. கடல் ஓதம் ஏறும்போது ஆற்றின் நீர்மட்டம் உயர்ந்து, வடிகாலின் மதகு மூடிக்கொள்கிறது; அந்தச் சில மணி நேரத்தில் உங்கள் நிலத்தில் பெய்யும் மழை உங்கள் நிலத்திலேயே தங்கியாக வேண்டும். அந்த நீர் எங்கே தங்கும் என்பதை முடிவு செய்து, அதிலிருந்து தரைமட்டத்தைக் கணக்கிட்டு, அதன் பிறகே மண்ணின் அளவுக்கு வர வேண்டும். சிறு திட்டங்கள் பலவற்றில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. கட்டி முடித்த பிறகு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

நிலத்தின் பழைய வரலாறு இங்கே வெறும் ஆர்வத்துக்குரிய செய்தியாக நின்றுவிடுவதில்லை. செபராங் பிறையின் தென்பகுதி, கிரியான் ஆறு வரை, பெரும்பாலும் கடல் படியவைத்த மென்களிமண் சமவெளி. 19-ஆம் நூற்றாண்டில் காலிடோனியா, பத்து காவான் போன்ற இடங்களில் கரும்புத் தோட்டங்கள் உருவானபோது, இந்தச் சதுப்பை வாய்க்கால் வெட்டியும் கரை கட்டியும் மதகு வைத்தும் விளைநிலமாக மாற்றினார்கள். அந்த மண்வெட்டி வேலையில் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட நம் முன்னோரின் உழைப்பும் அடங்கும். அப்போது வெட்டிய வாய்க்கால்களின் வலைப்பின்னல் பல இடங்களில் இன்னும் புதருக்குள் இருக்கிறது. உங்கள் நிலத்தின் வழியாக அப்படி ஒன்று ஓடுகிறதா என்று முதலில் தேடுங்கள். பழைய நில வரைபடமும் அந்தப் பகுதியின் முதியவர்களும் இதற்கு உதவுவார்கள். அந்த வாய்க்கால் மேற்புறத்துக் கம்பத்து (கிராமத்து) வீடுகளின் நீரையும் சேர்த்துக் கொண்டுபோவதாக இருக்கலாம். அதன்மேல் மண் அடித்துவிட்டால், முதல் பெருமழையில் உங்கள் நிலம் காய்ந்திருக்க, அண்டை வீட்டாரின் அடுப்படியில் நீர் ஏறும். மாற்று வாய்க்காலை வெட்டி, அதில் நீர் ஓடத் தொடங்கிய பிறகே பழையதை மூடலாம். மூடும்போதும், அடியில் இருக்கும் சேற்றையும் மட்கிய இலைதழையையும் அள்ளி எடுத்துவிட்டு, நல்ல மண்ணை அடுக்கடுக்காக இறுக்கி நிரப்ப வேண்டும். இல்லையென்றால் பல ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த வாய்க்காலின் தடம் உங்கள் கார் நிறுத்துமிடத்தில் ஒரு நீண்ட பள்ளமாகத் தெரிந்துகொண்டே இருக்கும்.

அடுத்தது ஓதம். பினாங்குக் கடலில் நாளுக்கு இருமுறை ஓதம் ஏறி இறங்குகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையிலான வித்தியாசம் சுமார் 2 மீட்டர். செப்டம்பர் முதல் நவம்பர் வரை நமக்கு மழை மிகுந்த மாதங்கள். உயர்ந்த ஓதங்கள் வரும் பருவமும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கு மாநிலம் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க முடியாது: சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது, உயர் ஓதத்தால் ஆறுகள் வடிய முடியவில்லை, 7 பேர் உயிரிழந்தனர். அந்த அளவு மழையைச் சங்கத்தின் ஒரு ஏக்கரால் சமாளித்துவிட முடியாது. ஆயினும் அன்று எவ்வளவு உயரத்துக்கு நீர் ஏறியது என்ற தடயம் உங்கள் பகுதியின் பழைய வீட்டுச் சுவர்களில் இருக்கலாம். அதைத் தேடிப் பார்த்து, நில அளவையாளரிடம் சொல்லி அதன் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கணினி மாதிரியையும்விட அந்த ஒரு கறை நம்பத்தக்கது என்பது என் கருத்து.

மட்டத்தைப் பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. நம் நாட்டில் நில அளவைக்கான பூச்சிய மட்டம், கிள்ளான் துறைமுகத்தில் 1984 முதல் 1993 வரை கடல்மட்டத்தை அளந்து நிர்ணயித்த சராசரியை அடிப்படையாகக் கொண்டது. கடற்படை வெளியிடும் ஓத அட்டவணையோ, கப்பல்களின் பாதுகாப்புக்காக, மிகத் தாழ்ந்த நீர்மட்டத்தைப் பூச்சியமாக வைத்து எண்ணுகிறது. இரண்டுக்கும் இடையே ஒரு மீட்டருக்கும் மேல் வித்தியாசம் உண்டு. அட்டவணையில் 2.7 என்று இருப்பதை அப்படியே நில வரைபடத்தில் 2.7 என்று எழுதினால், தேவையில்லாமல் நூற்றுக்கணக்கான லோரி மண்ணுக்குப் பணம் கொடுப்பீர்கள். இதற்கு நேர்மாறாகத் தவறினால், மண்டபம் வெள்ளத்தில் நிற்கும். உங்கள் வரைபடத்தில் உள்ள எல்லா எண்களும் ஒரே அடிப்படை மட்டத்திலிருந்து எடுக்கப்பட்டவையா என்பதை நில அளவையாளர் எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். நான் தரும் எண்கள் விளக்கத்துக்கானவை. உங்கள் நிலத்துக்குரிய எண்களை வடிகால் நீர்ப்பாசன இலாகாவிடமிருந்தும் அளவையிலிருந்தும் பெற வேண்டும். உயர் ஓதத்தின்போது ஆற்று மதகருகே பெரு வடிகாலின் நீர்மட்டம் 1.5 மீட்டர் என்று கொள்வோம். அங்கிருந்து உங்கள் எல்லை வரை 600 மீட்டர் தூரத்துக்கு, ஆயிரத்துக்கு ஒன்று என்ற சரிவில் நீர்மட்டம் 0.6 மீட்டர் உயர்ந்து 2.1 ஆகிறது. உங்கள் நிலத்தின் இயல்பான மட்டம் 1.9. அதாவது, பெருமழையும் உயர் ஓதமும் சேர்ந்து வரும்போது வெளியே உள்ள நீர் உங்கள் தரையைவிட 20 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. மதகு மூடியிருக்கும்போது உங்கள் நீரைத் தேக்கி வைக்க ஒரு குட்டை வேண்டும். அதன் உச்ச நீர்மட்டம் 2.5 என்று வைப்போம். மண்டபத்தைச் சுற்றியுள்ள வடிகாலிலிருந்து குட்டைக்கு நீர் ஓடிவரச் சரிவுக்காக 0.2 மீட்டர். அதற்கு மேல் பாதுகாப்பு இடைவெளியாக 0.3 மீட்டர். ஆக, முடிவான தரைமட்டம் 3.0. மண் காலப்போக்கில் இறங்குவதற்காக இன்னும் 0.25 மீட்டர் கூட்டினால், நிரப்ப வேண்டியது 1.35 மீட்டர், ஏறக்குறைய நாலரை அடி. குத்தகையாளரின் மூன்றடி இந்தக் கணக்கில் ஒன்றரை அடி குறைகிறது. உங்கள் உண்மையான எண்களில் மூன்றடியே போதுமானதாகவும் அமையலாம். ஆனால் அதைக் கணக்குச் சொல்ல வேண்டும்.

குட்டையின் அளவுக்கு வருவோம். ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். ஓதத் தடையின் நான்கு மணி நேரத்தில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால், நிலத்தின்மேல் விழுவது 405 கன மீட்டர் நீர். இன்று புல்லும் புதரும் கிடக்கும் நிலத்தில் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கும், ஒரு பகுதி பள்ளங்களில் தங்கும். கூரையும் தாரும் சிமெண்டும் வந்த பிறகு அதில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது சுமார் 325 கன மீட்டர், உடனே ஓடிவரும். ஓடிவரும் வேகமும் மாறுகிறது: மணிக்கு 150 மில்லிமீட்டர் என்ற வேகத்தில் பெய்யும் மழையில், புல்நிலமாக இருந்தபோது வினாடிக்கு 70 லிட்டருக்குச் சற்றுக் குறைவாக வெளியேறிய நீர், கட்டடம் வந்த பின் 150 லிட்டர் ஆகிறது. மேம்பாட்டுக்குப் பின் வெளியேறும் உச்ச அளவு முன்பு இருந்ததை மீறக் கூடாது என்பதுதான் வடிகால் நீர்ப்பாசன இலாகா 2000-இல் வெளியிட்டு 2012-இல் திருத்திய மஸ்மா என்ற நகர மழைநீர் மேலாண்மைக் கையேட்டின் அடிப்படை விதி. அந்தக் கையேடு வணிகப் பகுதிகளின் உள் வடிகால்களை 10 ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழைக்கும், பெருவெள்ளப் பாதையை 100 ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழைக்கும் வடிவமைக்கச் சொல்கிறது. நூறாண்டு மழை என்றதும் நம் காலத்தில் வராது என்று எண்ண வேண்டாம். ஒவ்வோர் ஆண்டும் அதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு உண்டு. மண்டபம் 30 ஆண்டு நின்றால், அதற்குள் ஒருமுறையேனும் வருவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்றுக்கும் சற்று அதிகம்.

325 கன மீட்டர் நீருக்கு இடம் தேட, குட்டையைத் தோண்ட வேண்டியதில்லை. குட்டைக்கான 400 சதுர மீட்டரில் மண் அடிக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள். சுற்றிலும் தரை உயரும்போது அந்த இடம் தானாகவே குட்டையாகிவிடும், 0.6 மீட்டர் ஆழத்துக்கு 240 கன மீட்டர் நீரை அது ஏற்கும். மீதியைக் கார் நிறுத்துமிடத்தில் தேக்கலாம்: 800 சதுர மீட்டர் பரப்பைக் குட்டையின் உச்ச மட்டத்துக்குச் சற்றுக் கீழே தாழ்த்தி, சராசரியாக 12 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சில மணி நேரம் நீர் நிற்குமாறு அமைத்தால் இன்னும் 96 கன மீட்டர் கிடைக்கும். இரண்டும் சேர்ந்து தேவையை ஈடுசெய்துவிடும், மண் செலவும் குறையும். நிலத்தடித் தொட்டி போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். இந்த நிலத்தில் நிலத்தடி நீர் மிக மேலே இருக்கிறது. காலியான தொட்டியின் அடித்தளம் நீர்மட்டத்துக்கு 2 மீட்டர் கீழே இருந்தால், ஒவ்வொரு சதுர மீட்டரையும் நீர் 2 டன் விசையுடன் மேலே தள்ளும். அது மட்டுமன்றி, ஓத மட்டத்துக்குக் கீழே இருக்கும் தொட்டி பம்பு இல்லாமல் ஒருபோதும் காலியாகாது. காலியாகாத தொட்டியில் அடுத்த மழைக்கு இடம் இருக்காது.

இப்போது மண்ணுக்கு வருகிறேன். இதில் சற்று நேரம் செலவிட வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இங்கே நடக்கும் தவறு உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை.

இறுக்கிய செம்மண்ணின் எடை கன மீட்டருக்கு சுமார் 1.9 டன். 1.35 மீட்டர் உயரத்துக்கு நிரப்பினால், ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 2.5 டன்னுக்குச் சற்று மேல் சுமை ஏறுகிறது. சாதாரண கட்டடத்தில் ஒரு மாடியின் சுமையைச் சதுர மீட்டருக்கு ஒரு டன் என்று தோராயமாகக் கொள்வது வழக்கம். ஆகவே நீங்கள் மண்டபத்தைக் கட்டத் தொடங்குவதற்கு முன்பே, நிலம் முழுவதன்மேலும் இரண்டரை மாடிக் கட்டடத்தின் எடையை வைத்துவிடுகிறீர்கள். கீழே 10 மீட்டர் ஆழத்துக்கு மென்களி இருந்தால், அந்தச் சுமையில் களிக்குள் இருக்கும் நீர் மெல்ல மெல்லப் பிழியப்பட்டு, தரை 20 முதல் 30 சென்டிமீட்டர் வரை இறங்குவது இயல்பு. இது ஒரே நாளில் நடப்பதில்லை. களிக்குள் நீர் ஊர்ந்து வெளியேற எடுக்கும் காலம், அது கடக்க வேண்டிய தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: தூரம் இரண்டு மடங்கானால் காலம் நான்கு மடங்காகும். பத்து மீட்டர் களியில் இது இருபது ஆண்டையும் தாண்டலாம்.

மண்டபம் பைலின்மேல் நிற்பதால் இறங்காது. அதைச் சுற்றியுள்ள சிமெண்டுத் தளம், வடிகால், கழிவுநீர்க் குழாய், படிக்கட்டு எல்லாம் இறங்கும். நம் வட்டாரத்துத் தாமான்களில் வீட்டுச் சுவருக்கும் வெளித்தளத்துக்கும் இடையே கை நுழையும் அளவுக்கு விரிசல் விட்டிருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குத் தெரியும் அந்த விரிசலைவிட மோசமானது வடிகாலின் நிலை. 50 மீட்டர் நீளமுள்ள வடிகாலுக்கு 500-க்கு 1 என்ற சரிவு கொடுத்தால், ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 10 சென்டிமீட்டர். நடுவில் தரை 20 சென்டிமீட்டர் இறங்கிவிட்டால் சரிவு தலைகீழாகி, நீர் நடுவிலேயே தேங்கும். அதில் வண்டல் படியும், கொசு பெருகும், அடுத்த மழையில் கரை வழியும். நல்ல மட்டத்தில் கட்டிய வடிகால் ஐந்தாறு ஆண்டில் பயனற்றுப் போவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். மண் இறங்கும்போது பைல்களையும் உரசிக் கீழே இழுக்கும். அந்தக் கூடுதல் சுமையைப் பைல் வடிவமைப்பில் சேர்த்திருக்கிறாரா என்று பொறியியலாளரைக் கேளுங்கள்.

ஆகவே, மண் அடிப்பதற்கு முன் குறைந்தது இரண்டு மூன்று இடங்களில் துளையிட்டு மண் பரிசோதனை செய்யுங்கள். ஒரு ஏக்கருக்கு எதற்கு இந்தச் செலவு என்று சங்கக் கூட்டத்தில் யாராவது கேட்டால், பிறகு வடிகாலை உடைத்துக் கட்டும் செலவை அவருக்குச் சொல்லுங்கள். களி ஆழமாக இருந்தால் வழிகள் இரண்டு. ஒன்று, களிக்குள் ஒரு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட இடைவெளியில் நீர் வெளியேற வழிதரும் பிளாஸ்டிக் வடிபட்டைகளை இறக்கி, மேலே தற்காலிகமாகக் கூடுதல் மண்ணையும் ஏற்றுவது. நீர் கடக்க வேண்டிய தூரம் பத்து மீட்டரிலிருந்து அரை மீட்டராகக் குறைவதால், பல ஆண்டு இறக்கம் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்தில் பெருமளவு முடிந்துவிடும். இறக்கத்தை அளக்கும் தட்டுகளை வைத்து வாராவாரம் குறித்துவந்து, வரைகோடு தட்டையான பிறகே வடிகாலும் தளமும் கட்ட வேண்டும். மற்றொரு வழி, மண்ணையே குறைப்பது. இந்தக் கடலோரத்தின் பழைய மலாய்க் கம்பத்து வீடுகள் ஏன் தூண்களின்மேல் நிற்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். மண்டபத்தையும் பாலர் பள்ளியையும் பைல்களின்மேல் தூக்கிய தளமாகக் கட்டி, அடியில் நிலத்தைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டு, வழித்தடத்தையும் முன்முற்றத்தையும் மட்டும் உயர்த்தினால், சுமை குறையும், இறக்கம் குறையும், வெள்ளநீர் தங்குவதற்கும் இடம் மிஞ்சும். சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் சாய்தளம் அமைக்க வேண்டியிருக்கும். அடிப்பகுதியைப் பிற்காலத்தில் சரக்கறையாக அடைத்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் நிலையில் நான் இருந்தால் இந்த இரண்டாவது வழியையே தேர்ந்தெடுப்பேன்.

எந்த வழியானாலும் வேலையின் வரிசை ஒன்றுதான். முதலில் எல்லையைச் சுற்றி மண் வாய்க்கால், அதன் முடிவில் வண்டல் படியும் குட்டை, பிறகு லோரி நுழைவாயிலில் கல் பரப்பிய பாதையும் டயர் கழுவுமிடமும். இவை முடிந்து ஒரு மழையையாவது தாங்கிய பிறகே முதல் லோரி மண் உள்ளே வர வேண்டும். நிரந்தரக் குட்டைக்கான இடத்தையே கட்டுமானக் காலத்தில் வண்டல் குட்டையாகப் பயன்படுத்தலாம். ஒப்படைப்பதற்கு முன் அதில் படிந்ததை அள்ளிவிட வேண்டும். நுண்களி நீரில் எளிதில் படிவதில்லை என்பதால், குட்டையில் நீரை நிறுத்தி, தெளிந்த பிறகு மேல்நீரை மட்டும் வெளியேற்ற வேண்டும்; தேவையானால் படிகாரம் பயன்படுத்தலாம். காலமும் முக்கியம். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மண் வேலை செய்து முடித்து, ஏப்ரல் மழைக்குள் சரிவுகளில் புல் பதித்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. செப்டம்பரில் மண் வேலையைத் தொடங்குவது உங்கள் மண்ணை அண்டை வடிகாலுக்குத் தானம் செய்வதற்கு ஒப்பாகும்.

தரையைச் சுத்தம் செய்யும்போது புல்டோசரால் மேல்மண்ணை ஆழமாக வழித்தெடுக்க விடாதீர்கள். மென்களியின் மேல்பரப்பில் வெயிலில் காய்ந்து இறுகிய ஒரு மேலோடு இருக்கிறது. இயந்திரங்களைத் தாங்குவது அதுதான். அதை உடைத்துவிட்டால் எக்ஸ்கவேட்டரே புதையும். மரங்களையும் புதர்களையும் வெட்டிய பின், வேர்ப்பின்னலை விட்டுவைத்து, அதன்மேல் நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து, மணல் பரப்பி, அதற்கு மேல் செம்மண்ணை 30 சென்டிமீட்டருக்கு மிகாத அடுக்குகளாக இட்டு ரோலர் ஓட்ட வேண்டும். ஒவ்வோர் அடுக்கும் ஆய்வகத்தில் கண்ட உச்ச அடர்த்தியில் 90 முதல் 95 விழுக்காட்டை எட்டியதைச் சோதித்த பிறகே அடுத்த அடுக்கு. மண்ணை ஒரே பக்கத்திலிருந்து தள்ளிக்கொண்டு வந்தால் முன்னால் சேறு அலையாக எழும்பும். பரவலாக, சம உயரத்தில் ஏற்ற வேண்டும். லோரி மண்ணை வாய்க்கால் கரையோரம் மலையாகக் குவித்து வைப்பதும் ஆபத்து. மிக மென்மையான களி, கணக்கின்படி, 2.7 மீட்டர் உயரக் குவியலிலேயே சரிந்துவிடும். சரியும்போது பக்கத்து வாய்க்காலின் அடி மேலெழும்பி நீர்வழி அடைபடும்.

வாய்க்கால் வெட்டும்போது வரும் கருநீல நிறச் சேற்றை நிரப்பு மண்ணாகப் பயன்படுத்த அனுமதிக்காதீர்கள். பழைய கண்டல் காட்டு மண்ணில் பைரைட் என்ற இரும்பு கந்தகக் கனிமம் இருக்கும். நீருக்கடியில் இருக்கும்வரை அது தீங்கு செய்யாது. காற்றுப் பட்டதும் கந்தக அமிலமாக மாறி, சிமெண்டையும் இரும்புக் குழாயையும் அரிக்கும், புல்லையும் முளைக்கவிடாது. வடிகாலில் துருநிறக் கசடு மிதந்தால் அதுவே அறிகுறி. மண் பரிசோதனையில் அமிலத்தன்மையையும் சல்பேட்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அளவு மிகுந்திருந்தால் சல்பேட்டைத் தாங்கும் சிமெண்டைக் கேளுங்கள்.

நிரந்தர வடிகால்களில் நீர் வினாடிக்கு 0.6 மீட்டர் வேகத்திலாவது ஓடினால்தான் வண்டல் தங்காது. இந்தத் தட்டையான நிலத்தில் அதைப் பெற, அகலமான வடிகாலைவிட அடி குறுகிய வடிகால் மேல். கட்டடத்தை ஒட்டிய தரைக்கு 50-க்கு 1, புல்வெளிக்கு 100-க்கு 1 என்ற சரிவு போதும். வடிகாலுக்கு அடியில் பாக்காவ் எனும் கண்டல் மரக் கட்டைகளை இறக்குவது நம் ஊரின் பழைய, நல்ல முறை; கட்டையின் தலை எப்போதும் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும், மேலே காற்றுப் படும் பகுதி சில ஆண்டுகளில் மட்கிவிடும். குட்டையிலிருந்து வெளியேறும் குழாய்முனையில், உள்நீர் தள்ளினால் திறந்து வெளிநீர் தள்ளினால் மூடும் மடல் கதவு வைப்பீர்கள். அது பழுதாவது பெரும்பாலும் குப்பையால்தான்: ஒரு தேங்காய் மட்டை சிக்கினால் போதும், ஓதநீர் உள்ளே வந்து குட்டையை மழைக்கு முன்பே நிரப்பிவிடும். ஆகவே குப்பைத் தடுப்புக் கம்பி முன்னால் இருக்க வேண்டும், கதவை எட்டிச் சுத்தம் செய்ய ஒருவர் நிற்கும் அளவுக்குத் தளம் இருக்க வேண்டும், அந்த வேலைக்கு யார் பொறுப்பு என்பதும் சங்கத்தின் பதிவேட்டில் பெயருடன் இருக்க வேண்டும். ஓதம் இறங்கியதும் குட்டை ஒரு நாளுக்குள் முழுவதும் வடிந்தால், ஒரு வாரம் தேவைப்படும் ஏடிஸ் கொசுப் புழுக்கள் அதில் வளர வழியில்லை. பாலர் பள்ளி வரப்போகும் இடத்தில் இதை நான் இரண்டாம்தர விஷயமாகக் கருத மாட்டேன். குட்டையைச் சுற்றி வேலியும் அதே காரணத்தால் கட்டாயம்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம், அதாவது சட்டம் 133, பிரிவு 70ஏ-இன்படி, மண்வேலை வரைபடத்துக்கு ஊராட்சி மன்றத்தின் அனுமதி கிடைப்பதற்கு முன் நிலத்தில் மண் அடிக்கவோ வெட்டவோ கூடாது. உங்கள் விஷயத்தில் அது செபராங் பிறை மாநகர் மன்றம். வடிகால் பகுதியை வடிகால் நீர்ப்பாசன இலாகா பார்த்துக் கருத்துச் சொல்லும். கட்டடம் முடிந்ததும் வழங்கப்படும் நிறைவுச் சான்றிதழுக்கான பாரங்களில் மண்வேலைக்கென்று தனியே ஒன்று உண்டு. அதில் பொறியியலாளரும் குத்தகையாளரும் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்கிறார்கள். அனுமதியில்லாமல் இன்று அடித்துவிட்ட மண்ணுக்கு நாளை யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

குத்தகையாளருடன் ஒப்பந்தம் எழுதும்போது, மண்ணை லோரிக் கணக்கில் எழுதாதீர்கள். லோரியில் வரும் தளர்ந்த மண் இறுகும்போது ஐந்தில் ஒரு பங்குக்கு மேலும் சுருங்கும். அவருக்கும் உங்களுக்கும் இடையே தகராறு வருவது அங்கேதான். இறுக்கிய பின் அளவையாளர் அளந்த கன மீட்டருக்கு இவ்வளவு என்று எழுதுங்கள். தரைமட்டத்தை "சாலை உயரத்துக்கு" என்று எழுதாமல் மீட்டர் எண்ணாக எழுதுங்கள். சுற்று வாய்க்காலும் வண்டல் குட்டையும் முடிந்து பொறியியலாளர் பார்த்துச் சம்மதித்த பிறகே மண் வரலாம் என்பதை ஒரு தனி விதியாகச் சேருங்கள். மண்வேலைத் தொகையில் ஒரு பகுதியை, ஒரு முழு மழைக்காலம் கடந்து வடிகால்களின் மட்டத்தை மறுபடி அளந்து பார்க்கும்வரை, நிறுத்தி வைக்கும் உரிமையையும் கேளுங்கள்.